முதல் அறையைத் தொடாதவர்

எங்கள் தொடர்மாடிக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளுக்கு இரண்டாம் மாடி அக்காவின் வீடு என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் வெறும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அக்கா வீட்டில் அது நடக்காது. புதியதைப் பூட்டி, அடுப்பைப் பற்றவைத்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் தேநீர் போட்டு அந்த ஆளுக்கே ஒரு கோப்பை கொடுத்த பிறகுதான் பழையதைத் தூக்க விடுவார்.

"அக்கா, அது வெறும் சிலிண்டர்தானே. வைச்சிருந்து என்ன செய்யப் போறீங்கள்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அடியில கொஞ்சம் கிடக்கும் தம்பி. ஒரு முட்டை அவிக்கக் காணும்," என்றார். பிறகு தன் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். "நிக்கிறது நிக்கட்டும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தத் தொடர்மாடி. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். அக்கா தனியார் மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இரத்தமும் சலமும் சோதிக்கும் வேலையில் இருந்தார். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. கட்டடத்தில் யாரும் அதைச் சொல்லி அவரை அழைத்ததுமில்லை. சின்னவர்களுக்கு அன்ரி, எங்களுக்கு அக்கா.

புதுச் செருப்பு வாங்கினால் பழைய சோடியைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். புதுக் கைபேசி வாங்கியபோது பழையதை மேசையில் வைத்து, அதற்கும் தவறாமல் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு பஸ் எடுக்க வேண்டிய பயணம் என்றால், இரண்டாவது பஸ் கண்ணில் படும்வரை முதல் பஸ்ஸின் மிதிபலகையை விடமாட்டார் என்று கட்டடத்தில் பகிடி பண்ணுவார்கள். அதைக் கேட்டு அவரும் சிரிப்பார்.

ரீவியில் பூட்டி விளையாடும் என்னுடைய கேம் பெட்டி செத்துப்போனதால்தான் அவரோடு நெருக்கம் வந்தது. புறக்கோட்டையில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய பெட்டி. ஒருநாள் பொத்தானை அமுக்கினேன். முன்னால் இருந்த விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மினுங்கிவிட்டு அணைந்தது. கேட் காவலாளிதான் மேலே கையைக் காட்டினார். "ரெண்டாம் மாடி மிஸ்ஸிட்ட கொண்டுபோங்க. அவங்கட வீட்டிலயும் ஒண்ணு இருக்கு."

நான் நம்பவில்லை. ஆனால் அக்கா வேலைக்குப் போன சேலையோடேயே தரையில் அமர்ந்து, பெட்டியைக் கவிழ்த்து, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிரட்டைக்குள் போட்டார்.

"கடல்காத்து," என்றார். "இஞ்ச எல்லாத்தையும் தின்னும். ஆனா இதுக்கு வருத்தம் அது இல்லை. உள்ளுக்க சிப் ஒண்டு பூட்டியிருக்கு. நீங்கள் ஏதும் மாத்தினீங்களோ?"

இணையத்தில் பார்த்து, பெட்டி எழும்பும்போது முதலில் வாசிக்கும் நிரலைப் புதியதாக ஏற்றியதாகச் சொன்னேன்.

"எல்லா அறைக்கும் ஏத்தினீங்களோ?"

"எந்த அறை?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, சாப்பிடாமல் வரச் சொல்லியும் சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுக்க வந்த நோயாளியைப் பார்ப்பது போல் இருந்தது.

பிறகு தன் பெட்டியை எடுத்துவந்து காட்டி விளக்கினார். அதுவும் என்னுடையதைப் போன்ற பழைய, பாரமான கறுப்புப் பெட்டி. டிஸ்க் வாசிக்கும் பகுதி பழுதானபோது திருத்தக் கொடுத்த கடைக்காரர் இனி இது சரிவராது என்றாராம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே விளையாட்டை ஓட்டலாம் என்று எங்கோ வாசித்து, சிப் ஒன்றை வாங்கி, ஈயம் உருக்கித் தானே ஒட்டியிருக்கிறார். அந்தச் சிப்பில் நான்கு நினைவகப் பகுதிகள். அக்கா அவற்றை அறைகள் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிரலை வைக்கலாம். பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சுவிட்சுகளைத் தட்டினால், எந்த அறையிலிருந்து பெட்டி விழிக்க வேண்டும் என்பது முடிவாகும்.

"முதலாம் அறையில பழைய நிரல். பெரிய கெட்டித்தனம் ஒண்டும் இல்லை, ஆனா ஒருநாளும் பிழைச்சதில்லை. அதில நான் கை வைக்கிறேல்லை. ரெண்டாம் அறை நாளாந்தம் பாவிக்க. மூண்டாம் அறை சோதிச்சுப் பாக்க. புதுசா என்ன வந்தாலும் அங்கதான் முதல்ல போடுவன்."

"நாலாம் அறை?"

"வெறுமையாக் கிடக்கு. கிடக்கட்டுமே."

என் பெட்டியில் எல்லா அறைகளையும் ஒரே அடியாக நான் மாற்றியிருந்தேன். போட்ட நிரல் பிழை. திரும்பி நிற்க ஓரிடமும் இல்லை. அக்கா தன் சிப்பையே கழற்றி என் பெட்டியில் பொருத்தி, அதிலிருந்து விழிக்கவைத்து, என் சிப்பை வேறாகச் சரிசெய்ய ஒரு வாரம் எடுத்தார். அந்த வாரம் முழுக்க, விளையாட வந்த என்னிடம் ஒரே அறிவுரைதான். நிக்கிறது நிக்கட்டும்.

அந்தப் பழக்கத்தின் அருமையை மின்வெட்டுக் காலத்தில் கண்ணால் கண்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஓட்டோக்காரர் அக்காவைத் தேடி வந்தார். பெற்றோல் வரிசையில் நின்று நின்று ஓட்டோ ஓடாத நாட்கள் அவை. அவரிடம் எங்களுடையதைப் போலவே நான்கு அறைச் சிப் பூட்டிய ஒரு கேம் பெட்டியும் ஒரு ரீவியும் இருந்தன. பிறந்தநாள் வீடுகளுக்கு அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் அப்போது வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், நாலு ரூமுக்கும் புதுசையே போட்டுருங்க. பார்ட்டி வீட்டுல பிள்ளைங்க சுவிட்சை நோண்டும். எங்க தட்டினாலும் ஒரே மாதிரி வேலை செய்யணும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கா மசியவில்லை.

"மூண்டுக்குப் போடுறன். முதலாவதைத் தொடமாட்டன்."

"நாந்தானே மிஸ் சொல்றேன். என் பெட்டிதானே?"

"உங்கட பெட்டிதான். அதுக்காகத்தான் தொடமாட்டன்."

இரண்டாம் அறைக்கு நிரல் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் கோடு பாதிதான் போயிருக்கும். மின்வெட்டு அட்டவணையில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் போய்விட்டது. விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. ஓட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்துவிட்டார்.

"போச்சு. என் பொழப்பு போச்சு மிஸ். சனிக்கிழமை ஒரு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன். அட்வான்ஸ் வாங்கி அரிசி எடுத்திட்டேன்."

அக்கா யன்னலைத் திறந்துவிட்டார். ரெயில் ஒன்று கடலோரமாகப் போனது. மூன்று பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, ஓட்டோக்காரரின் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அவர் சொல்ல முடியாமல் சொன்னார். கரண்ட் வந்ததும் அவரையே பொத்தானை அமுக்கச் சொன்னார். சிவப்பும் பச்சையுமாக விளக்கு மினுங்கியது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பெட்டியை அணைத்து, பின்னால் சுவிட்சை முதலாம் அறைக்குத் தட்டிவிட்டு, "இப்ப அமத்துங்கோ," என்றார்.

பெட்டி எழும்பியது. பழைய, அழகில்லாத திரை. ஓட்டோக்காரர் அக்காவின் காலைத் தொடப் போனார். அக்கா பதறிக் காலை இழுத்ததில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. அந்த முதலாம் அறையில் நின்றபடியே மற்ற மூன்றையும் ஏற்றி முடித்தார்.

அக்காவின் இந்தக் குணத்தை நான் அன்று மனதாரப் புகழ்ந்தேன். அது ஒரு மனிதரை நோகடிக்கவும் கூடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அக்காவுக்குக் கணவர் இருந்தார், கனடாவில். கலியாணம் முடித்த புதிதில் போனவர். கேம் பெட்டியைக்கூட அவர்தான் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார், தான் வந்ததும் இரண்டு பேரும் விளையாடலாம் என்று. அவர் வரவில்லை. அக்கா ஒருமுறை போனார், வேலையை விடாமல், லீவு எடுத்துக்கொண்டு. லீவு முடிய முன்னரே திரும்பிவந்துவிட்டார். கணவர் அங்கே இன்னொருவரோடு வாழ்கிறார் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் கோல் எடுப்பார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டே கதைப்பார். அங்கே குளிர், இங்கே மழை, பிரஷருக்குக் குளிசை போடுகிறீர்களா. அவ்வளவுதான். இந்தக் கலியாணத்தை ஏன் முறையாக முடித்துக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் இன்னொருவர் வருவார். அக்காவோடு அதே பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவர், மட்டக்களப்புக்காரர். மனைவி இறந்து பல வருடம். நாங்கள் அவரை மட்டக்களப்பார் என்றே சொல்வோம். ஒரு பை நிறைய முந்திரிகையோ முருங்கைக்காயோ கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவோடு கார் ஓட்டப் போட்டி விளையாடுவார். அக்கா ஒருமுறையும் வென்றதில்லை. ஒருமுறையும் மோதியதுமில்லை. வளைவுகளில் பிரேக் பிடித்து, திரையில் வரும் மலையையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு போவார்.

"நீங்க ரேஸ் ஓடல்ல, ஸ்கூல் வேன் ஓட்டுறீங்க," என்பார் மட்டக்களப்பார்.

"எல்லாப் பிள்ளையளும் பத்திரமா வீட்டை போய்ச் சேந்திட்டுதுகள்," என்பார் அக்கா.

அவர் அக்காவிடம் முன்பே ஒருமுறை கலியாணம் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்கா, கொஞ்சம் பொறுங்கோ என்றிருக்கிறார். அவர் பொறுத்தார். இரண்டாம் முறை அவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். எழும்பப் போன என்னை அவரே மறித்தார். "இரிங்க தம்பி. ஒளிச்சுக் கதைக்க ஒண்டும் இல்ல."

ஊரில் சொந்தமாக ஒரு பரிசோதனைக்கூடம் போடப் போவதாகச் சொன்னார். கடை எடுத்தாயிற்று, அடுத்த மாதம் போகிறார். "நீங்களும் வாங்க," என்றார். "சேர்ந்து வேலை செய்வம். சேர்ந்து இருப்பம்."

அக்கா திரையில் நின்ற தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் விருப்பம் இருந்ததை நான் கண்டேன். பிறகு சொன்னார்: "ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டுப் பாக்கிறன். இந்த வீட்டையும் விடாமல் வைச்சிருப்பம். வந்து பாப்பம், சரிவந்தால் பிறகு யோசிக்கலாம்."

"கனடாவுக்கு ஒண்டும் சொல்லமாட்டீங்க?"

"அது பேப்பரில மட்டும்தானே. நிக்கிறது நிக்கட்டும்."

மட்டக்களப்பார் கையிலிருந்த கொன்ட்ரோலரை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப நான் மூண்டாம் அறை," என்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"வேற எப்பிடிச் சொல்லுற? முதலாம் அறையில அவர். ரெண்டாம் அறையில உங்கட வேலையும் வீடும். என்னைச் சோதிச்சுப் பாக்கிற அறையில போட்டுப் பாக்கப் போறீங்க. சரிவராட்டி சுவிட்சத் தட்டிப்போட்டு நீங்க திரும்பி வந்திருவீங்க. எனக்கெண்டு திரும்பிப் போக ஒரு அறையும் இல்லயே."

வாசற்படியில் அமர்ந்து நிதானமாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என்னிடமும் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மட்டக்களப்புக்குப் போய்விட்டார்.

அதன் பிறகும் அக்கா வேலைக்குப் போனார், வந்தார். பெட்டியை மட்டும் சில வாரங்களாகப் போடவில்லை. ஒரு பின்னேரம் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, நான் கேளாமலே தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அவர் தபால் கந்தோரில் நிரந்தர வேலையில் இருந்தவர். வளைகுடாவில் நல்ல வேலை என்று ஏஜென்சிக்காரன் ஒருவன் சொன்னதை நம்பி, வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பயணப் பெட்டியோடு கொழும்புக்கு வந்தாராம். வந்து பார்த்தால் ஏஜென்சிக் கதவில் பூட்டு.

"அப்பா அதுக்குப் பிறகு வேலையில்லாமல் இருந்ததுகூடப் பெரிசில்லை தம்பி," என்றார். "ஒவ்வொரு நாளும் காலமை வெளிக்கிட்டு, பழைய கந்தோருக்கு முன்னால இருந்த கடையில போய்ப் பேப்பர் வாசிச்சிட்டு வருவார். அம்மா ஒண்டும் கேக்கமாட்டா. நான் பள்ளிக்கூடம் போற வழியில அவரைக் காணுவன். காணாத மாதிரிப் போவன்."

பிறகு மிச்ச உடுப்புகளுக்குக் கிளிப் குத்தி முடித்தார்.

அடுத்த ஞாயிறு காலை எனக்கு அப்பம் கொடுக்க மேலே கூப்பிட்டிருந்தார். கனடாவிலிருந்து வழக்கமான கோல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். குளிர், மழை, குளிசை. பிறகு கத்தியை வெட்டுப் பலகையில் வைத்துவிட்டு, "நாங்கள் டிவோஸ் எடுப்பம்," என்றார்.

நான் எழும்பி பல்கனிக்குப் போனேன். குரல் அங்கேயும் கேட்டது.

"ஏன் இப்ப திடீரெண்டு?"

"திடீரெண்டு இல்லை. பிந்திப்போச்சு."

"நான் எத்தினையோ தரம் கேக்க நினைச்சனான்," என்றார் கணவர். "உமக்குக் கவலையா இருக்கும் எண்டுதான் விட்டனான்."

"நானும் அப்பிடித்தான் இருந்திட்டன். உங்களுக்கு ஒரு இடம் இருக்கட்டும் எண்டு."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. நான் உள்ளே வந்தபோது அக்கா முட்டைக்கோவாவை மிக மெல்லியதாக அரிந்துகொண்டிருந்தார்.

விவாகரத்து வழக்கு முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அது முடிந்த மாதமே வேலையை எழுதிக் கொடுத்தார். வீட்டு உரிமையாளருக்கும் அறிவித்தார். தளபாடங்களைக் கட்டடத்தில் வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். கேம் பெட்டியை மட்டும் போர்வையில் சுற்றித் தன்னோடு எடுத்தார். கோட்டை ஸ்ரேஷனுக்குச் சாமான்களோடு நானும் போனேன். மட்டக்களப்புக்குப் போகும் காலை ரெயில்.

"அவர் ஸ்ரேஷனுக்கு வருவாரோ அக்கா?"

"அவருக்குத் தெரியாது."

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் வாறீங்கள் எண்டு தெரியாதோ?"

"ஒண்டும் தெரியாது. வருசப் பிறப்புக்கு வாழ்த்து அனுப்பினவர். நானும் அனுப்பினனான். அவ்வளவுதான்."

"அக்கா, இந்த இடையில அவர் வேற ஆரையும் கலியாணம்…"

"செய்திருந்தால் வாழ்த்திப்போட்டு அடுத்த ரெயின்ல," என்று தொடங்கியவர் நிறுத்தினார். "அடுத்த ரெயின்ல வந்து எங்க நிக்கிறது? வீட்டையும் குடுத்தாச்சு."

அதை அப்போதுதான் முதன்முதலாக யோசித்தவர் போல ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"என்ர வீட்டில நிக்கலாம் அக்கா. எப்ப வந்தாலும்…"

"வேண்டாம்," என்று என் கையைப் பிடித்தார். "சொல்லாதேங்கோ தம்பி. சொன்னால் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் போவன்."

நான் சாமான்களை ரெயிலில் ஏற்றிவிட்டேன். ரெயில் வெளிக்கிட்டது. அக்கா யன்னலால் கை காட்டவில்லை. மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அன்று முழுக்க எனக்குக் கந்தோரில் வேலை ஓடவில்லை. கைபேசியை எடுத்தெடுத்துப் பார்த்தேன். இரவு எட்டு மணிபோல மட்டக்களப்பாரிடமிருந்து கோல் வந்தது.

"தம்பி, நீங்களும் ஒரு வார்த்த சொல்லல்லயே," என்றார்.

நடந்தது இதுதான். நடக்க முடியாத ஒரு நோயாளியிடம் இரத்தம் எடுக்க அவர் வெளியே போயிருந்தார். பரிசோதனைக்கூடத்தில் பற்றுச்சீட்டு எழுதும் பெண் மட்டும் இருந்தாள். நீள மர வாங்கில் ஆட்கள் காத்திருந்து ஏசிக்கொண்டிருந்தார்கள். சாமான்களோடு உள்ளே வந்த அக்கா, நிலைமையைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் வேலைக்கு இருந்துவிட்டாராம். அவர் திரும்பி வந்து வாசலில் திகைத்து நிற்க, தலையை நிமிர்த்தாமலே, "இந்த மைக்ரோஸ்கோப்பை ஆரும் துடைக்கிறேல்லையோ?" என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்னத்தச் சொல்லுற? அவ்வளவு சனம் பாத்துக்கொண்டு இருக்கு. நானும் கையக் கழுவிப்போட்டு மத்தக் கதிரையில இருந்தன். சனம் போய் முடிய இருட்டிப் போயிற்று."

பின்னால் ஒரு சட்டியை இறக்கிவைக்கும் சத்தமும், அதோடு அக்காவின் குரலும் கேட்டன. "ஆரோட கதைக்கிறீங்கள்? வந்து சாப்பிடுங்கோ, ஆறுது."

"வைக்கிறன் தம்பி," என்றார் அவர். "கூப்பிடுறா."